கோவிந்தன் சேர்த்த புள்ளி

ஜவ்வாது மலைப் புதூர்நாட்டில் ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே இருப்பது என் டீக்கடை. பெயர் கலைவாணி. பிறந்தது கலசப்பாக்கம் பக்கம், வாழ்க்கைப்பட்டது இந்த மலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோவிந்தன் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்துவிடும். யார் மேல் கோபம் என்று கேட்டால்தான் சட்டென்று பதில் சொல்ல வராது.

கோவிந்தன் ஜீப் ஓட்டுகிறவன். பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் கோவிந்தன் என்பதுதான் எங்கள் மலையின் நிலவரம். பிரசவ வலி எடுத்தவள், ஆடு, புளி மூட்டை, பலாப்பழம், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் திருப்பத்தூருக்கு இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவான். தன் கல்யாணத்தன்றுகூட, ஓட்ட வேண்டியவன் குடித்துவிட்டுப் படுத்துவிட்டதால், கழுத்தில் மாலையோடு இவனே ஸ்டியரிங்கைப் பிடித்தான். மணப்பெண்ணாக வந்த செல்லி பின்னால் சொந்தக்காரிகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தாள். அவன் ஒரு வண்டியில் சும்மா உட்கார்ந்து போனதை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

என் கடைக்கு மேலே, வளைவு தாண்டி ஏறினால் அவனுடைய ஊர். சின்ன ஊர்தான், ஆனால் அதற்கென்று சில வழக்கங்கள் உண்டு. யார் கீழே இறங்கினாலும் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வரக்கூடாது. எல்லா வீட்டிலும் கேட்டு, எண்ணெய், மாத்திரை, விதை, பள்ளிக்கூடத்து ஷூ வரைக்கும் வாங்கி வர வேண்டும். கோவிந்தன் தினம் இறங்குகிறவன் என்பதால் அந்த வேலை முழுக்க அவன் தலையில் விழுந்துவிட்டது. இன்னொரு வழக்கம் பொதுப்புளி. ஊருக்குப் பொதுவாக நிற்கும் மரங்களை மாசியில் எல்லாரும் சேர்ந்து உலுக்குவார்கள். பங்கு ஆளுக்கு இல்லை, அடுப்புக்கு. மரம் ஏற ஆள் இல்லாத வீட்டுக்கும், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் வீட்டுக்கும் அதே கூடை புளி போய்ச் சேர்ந்துவிடும்.

ஜீப் கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்ததற்காக, திருப்பத்தூர் பேங்க்கில் அவனுக்கு ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். அங்கே வேலை பார்க்கும் நவீன்குமார் என்ற பையன்தான் அதை அவன் செல்போனோடு இணைத்துக் கொடுத்தான். கார்டைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், கடையில் ஒட்டியிருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்தால் கார்டிலிருந்து பணம் போய்விடும், போகிற ஒவ்வொரு தடவையும் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தால் பொருளாக வாங்கலாம், டிக்கெட்டாகவும் எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினான்.

நம்ம ஆள் என்ன செய்தான் தெரியுமா? போனில் வாலட் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதில் கார்டிலிருந்து மொத்தமாகப் பணத்தை ஏற்றிவைத்துக்கொண்டான். மலை ஏறுவதற்கு முன்னால் டேங்க்கை நிரப்பிக்கொள்கிற புத்தி. அந்த வாலட்டிலிருந்து ஊருக்கெல்லாம் சாமான் வாங்கினான். ஊரார் கொடுத்த ரொக்கத்தை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுவைத்து, பில் வந்ததும் அப்படியே கொண்டுபோய்ப் பேங்க்கில் கட்டினான். அதில் கை வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. சில மாதம் கழித்துப் பார்த்தால் புள்ளி முட்டை.

“வாலட்டுல காசு ஏத்துறதுக்கெல்லாம் புள்ளி இல்லண்ணா,” என்றானாம் நவீன்குமார். “உங்க கார்டுக்கு அதான் ரூல்ஸு. கடையில நிக்கும்போது போன்ல நேரா கார்டயே தொட்டு ஸ்கேன் பண்ணுங்க. அதுவும் கடைக்காரங்க பேர்ல வாங்கின கட்டமா இருக்கணும். சொந்தப் பேர்ல வச்சிருந்தா கார்டு போவாது.”

அங்கிருந்து நேராக என் கடைக்குத்தான் வந்தான். என் கடையில் ஒட்டியிருந்தது என் தம்பி பெயரில் இருந்த கட்டம்.

“அக்கா, நீ கடைக்காரியா, சும்மா மனுஷியா?” என்றான்.

“இன்னாடா கேள்வி இது? டீ ஆத்திகினு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?”

“எனக்குத் தெரியுது. போனுக்குத் தெரியலியே. கடைன்னு எழுதிக் கொடுத்து வேற கட்டம் வாங்குக்கா.”

ஒரு வாரம் நச்சரித்து வாங்க வைத்துவிட்டான். ஒரு டீக்குக்கூட ஸ்கேன் செய்வான். செய்துவிட்டு மேலே வானத்தைப் பார்ப்பான். ஏன்டா பார்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

எங்கள் மலைக்கு வடக்கே, தூரத்தில், பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் போகிற விமானங்கள் தெரியும். நாங்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கோவிந்தன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“ரெண்டு டிக்கெட்டுக்கு ஆவுற புள்ளி சேந்துட்டா, செல்லிய கூட்டிகினு ஒரு தபா போய்ட்டு வந்துடணும்க்கா. பெங்களூர்ல ஏறி மெட்ராஸ்ல எறங்குறது. ஒரு மணி நேரங்கூட இல்லியாம். ஆனா மேலருந்து நம்ம மலை தெரியுமாம். நான் எத்தினி வருஷமா இந்த மலைய ஏறி எறங்குறேன், முழுசா ஒரு தபா பாத்ததில்ல. வேற ஒருத்தன் ஓட்டணும், நானும் செல்லியும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து பாக்கணும்.”

அன்றைக்கு அவனிடம் நான் டீக்குக் காசு வாங்கவில்லை. “அய்யோ, புள்ளி போச்சேக்கா,” என்று சண்டைக்கு வந்தான்.

ஒன்றரை வருஷம் போனது. மளிகைக் கடை, மருந்துக் கடை, உரக்கடை என்று எங்கே நின்றாலும் நேராகக் கார்டிலிருந்தே கட்டினான். தை மாதத்தில் ஒரு நாள் ஓடி வந்து போனைக் காட்டினான். ரெண்டு பேருக்கு ஆகும் புள்ளி சேர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அவன் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கடை முழுக்க ஆள் இருக்கும்போது, ஊருக்கு வாங்கின சாமானெல்லாம் சேர்ந்துதான் இப்படி ஏறிவிட்டது என்று பெருமையாகச் சொன்னான். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? பெஞ்சில் சுப்பிரமணி உட்கார்ந்திருந்தான்.

சுப்பிரமணியும் அதே ஊர்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். நியாயம் பேசுகிறவன், அது அதைவிடத் தொல்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“காசு எங்களுது, சாமான் எங்களுது. புள்ளி மட்டும் உன்துன்னா எப்படி கோவிந்தா?”

“கார்டு என்துப்பா. நாளைக்கு கட்டலன்னா பேங்க்காரன் என் வூட்டு வாசல்ல தான் வந்து நிப்பான்.”

“எந்த மாசமாவது நாங்க காசு கொடுக்காம விட்டமா?”

விடவில்லை என்பது உண்மைதானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவன் ஜீப்புல சாமான் ஏத்தி எறக்குறதுக்குக் கூலி எவனாவது கொடுத்தீங்களாடா?” என்று கேட்டேன். “அது ஊர் வழக்கம்மா,” என்றான் சுப்பிரமணி. “இதுவும் ஊர் வழக்கம் தான். பொதுவுல வெளஞ்சது பொதுவுக்கு.” நான் அந்த ஊர் அடுப்பு இல்லை. அதனால் அதற்கு மேல் எனக்குப் பேச்சும் இல்லை.

பேச்சு வளர்ந்து, மாசியில் புளி உலுக்கி முடித்த அன்றைக்கே மரத்தடியில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் அருணகிரி பெரியவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “நீ இன்னா சொல்ற கோவிந்தா?” என்றாராம். முடியாது, என் புள்ளி என்று அவன் சொல்லியிருந்தால் யாரும் பிடுங்கியிருக்க முடியாது. போன் அவன் சட்டைப்பையில், ரகசிய எண் அவன் தலையில். அவன் எதிரே பங்கு வைத்த புளிக் கூடைகள் வரிசையாக இருந்தனவாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பொதுவுக்கே வச்சிக்கலாங்க,” என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் கடைக்கு வந்தவனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன். “உனக்கு மூளை கீதா இல்லியாடா?”

அவன் சிரிக்கவில்லை. “எங்கப்பன் செத்தப்ப எனக்கு நெனவு தெரியாத வயசுக்கா. எங்கம்மாவுக்கு மரம் ஏறத் தெரியாது. நான் தலையெடுக்குற வரைக்கும் வருஷா வருஷம் எங்க அடுப்புக்குப் பங்கு வந்துச்சு. ஒருத்தரும் கணக்கு கேக்கல. இப்ப நான் மட்டும் எப்படிக் கணக்கு பேசறது?”

அவன் சொன்னது சரி. சுப்பிரமணி சொன்னதும் சரி. எல்லாரும் சரியாக இருந்து, ஒருத்தன் மட்டும் மனசு ஒடிந்து நின்றான். இந்த மாதிரி விஷயத்தில் யாரைத் திட்டுவது?

புள்ளியைக் கூடை கூடையாகப் பிரிக்க முடியாது. பிரித்தால் அடுப்புக்கு ஒரு சோப்பு டப்பாகூட வராது என்று நவீன்குமார் சொல்லிவிட்டான். பிரிக்க முடியாததற்கும் அந்த ஊரில் ஒரு வழி உண்டு. அடுப்புக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை எண்ணி ஒரு பானையில் போடுவார்கள். ஒன்றை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை யார் கைக்கு வருகிறதோ அந்த வீட்டுக்கு அந்தப் பொருள். இந்தத் தடவை பொருள், ரெண்டு விமான டிக்கெட்.

அன்றைக்கு நான் கடையைச் சாத்திவிட்டு மேலே போனேன். கோவிந்தன் வீட்டுக்காகச் செல்லி எடுத்தாள். கறுப்பு. சுப்பிரமணி எடுத்தான், கறுப்பு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மணியம்மாள் கை விட்டாள். வெள்ளை.

மணியம்மாள் தனிக்கட்டை. புருஷன் போய்ப் பல வருஷம், பிள்ளை இல்லை, ஆடு மேய்த்துக் காலம் தள்ளுகிறாள். திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இவள் விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள், கோவிந்தனிடமே கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் மட்டுமா, எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சுப்பிரமணியே வாய்விட்டுச் சொன்னான், “மணிக்கா, அவங்க ரெண்டு பேரும் போய்ட்டு வரட்டுமே.”

மணியம்மாள் கொட்டையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

“இன்னாத்துக்கு? இது என் பங்கு. நான் போவேன்.”

சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“இத்தினி வருஷத்துல இப்பதான் எனக்கு வெள்ள வந்துகீது. ஒங்க யாருக்காவது வந்திருந்தா வுட்டுக் கொடுப்பீங்களா? ரெண்டு டிக்கெட்டாமே. எனக்குத் தனியா போவ பயம். செல்லி வரட்டும்.”

“கோவிந்தன் வரட்டுமே, நாலு எடம் போனவன்,” என்றேன் நான், எனக்குப் பேச்சு இல்லாத இடத்தில்.

“ஆம்பளையோட ஒக்காந்து போனா ஊரு சும்மா வுடுமா? அதுமில்லாம பெங்களூரு வரைக்கும் வண்டி யாரு ஓட்டுறது?”

செல்லி வரமாட்டேன் என்று ரெண்டு நாள் அழுதாள். கோவிந்தன்தான் அவளைச் சரிக்கட்டினான். “நீ போ. வலப்பக்கம் ஜன்னல்ல ஒக்காரு. நம்ம மலை எப்படி கீதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. நான் பாத்த மாதிரி தான்.” நவீன்குமாரோடு உட்கார்ந்து அவனே டிக்கெட் எடுத்தான். புள்ளி போக வரி என்று ஒன்று தனியாகக் கேட்டதாம். அதைத் தன் கையிலிருந்து கட்டினான். ஊரில் சொல்லவில்லை, எனக்கும் நவீன்குமார் சொல்லித்தான் தெரியும்.

பங்குனியில் ஒரு நாள் விடிவதற்கு முன் கிளம்பினார்கள். மணியம்மாள் யாரிடமோ இரவல் வாங்கின பட்டுப்புடவையில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். செல்லி பின்னால். கல்யாணத்தன்று உட்கார்ந்த அதே பக்கம்.

காலையில் வெயில் ஏறினதும் ஊர் மொத்தமும் என் கடைக்கு மேலே இருக்கிற பாறைக்கு வந்துவிட்டது. சுப்பிரமணி போனில் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். வடக்கே ஒரு விமானம் வெள்ளிப் பொட்டு மாதிரி வந்தது. அதுதானா, வேறா, யாருக்குத் தெரியும்? எல்லாரும் கையை ஆட்டினார்கள். அருணகிரி பெரியவர் துண்டை எடுத்து வீசினார். நானும் டீ வடிகட்டியோடு போய் நின்று ஆட்டினேன், பொய் சொல்வானேன். அதைப் பார்க்க வேண்டியவன் அவர்களை இறக்கிவிட்டு அந்த நேரம் கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் கேட்டதாம். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தானாம். மேம்பாலம்தான் தெரிந்ததாம்.

மெட்ராஸில் வேலை பார்க்கும் கோவிந்தனின் மகள் அபிநயா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்து, இருவரையும் அழைத்துப் போய் ஒரு ராத்திரி தங்க வைத்து, மறுநாள் ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏற்றிவிட்டாள். கோவிந்தன் ஸ்டேஷனில் காத்திருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். மலை ஏறினதும் ஜீப் என் கடையில்தான் நின்றது.

மணியம்மாள் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். ஏறும்போது வயிறு எப்படிப் புரண்டது, தண்ணீர் பாட்டிலுக்கு எவ்வளவு கேட்டார்கள், ஜன்னல் எவ்வளவு சின்னது என்று எல்லாம். செல்லி ஓரமாக நின்றாள். வழி நெடுக மணியம்மாள் பேசிக்கொண்டே வந்ததால் கோவிந்தனுக்குக் கேட்க இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அப்போதுதான் கேட்டான்.

“மலை தெரிஞ்சிச்சா?”

செல்லி தரையைப் பார்த்தாள்.

“மணிக்காவுக்கு அந்தப் பக்கத்து சீட்டுல வேலூர்க்காரர் ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. இதோ ஜவ்வாது மலை வருதும்மா, பாருங்கன்னாரு.”

“சரி?”

“கண்ண மூடிக்கினேன்.”

கோவிந்தன் டம்ளரை வாயிலிருந்து இறக்கினான். “அடிப் பைத்தியம். அதுக்குத் தானடி ஒன்ன அனுப்பினேன்?”

“பாக்கணும்னு தான் ஒக்காந்தேன். அவரு சொன்னதும் எனக்கு மனசு வரல. நீ கீழ வண்டி ஓட்டிகினு போற, நான் மட்டும் மேலருந்து எப்படிப் பாக்கறது? சேந்து பாக்கலாம்னு தான சொன்ன?”

அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். கோவிந்தன் தன் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு டீ போடச் சொன்னான். ரெண்டுக்கும் சேர்த்து ஸ்கேன் செய்தான். போன் கிண்கிண் என்றது.

அந்தப் புள்ளி யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஊர் சாமான் இன்னும் அவன்தான் வாங்கி வருகிறான், புள்ளி பொதுவில்தான் ஏறுகிறது. மறுபடி சேர்ந்தால் மறுபடி பானை, மறுபடி கொட்டை. ஒரு தடவை வெள்ளை எடுத்த அடுப்பு எல்லாருக்கும் வந்து முடிகிற வரைக்கும் பானையில் கை விடக்கூடாது என்று புதிதாக ஒரு பேச்சைச் சுப்பிரமணியே எடுத்து வைத்திருக்கிறான். அதனால் கோவிந்தனுக்கு ஒரு கொட்டை அளவுக்கு வழி திறந்திருக்கிறது. அவ்வளவுதான் சுப்பிரமணியால் செய்ய முடிந்தது, பாவம்.

மணியம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. கடைக்கு யார் புதிதாக வந்தாலும் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லுவாள். மேலே இருந்து பார்த்தால் நம்ம மலை எப்படி இருக்கும் தெரியுமா என்று கையை விரிப்பாள். அவள் அந்த இடத்துக்கு வந்ததும் கோவிந்தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவான். ஜீப் பக்கத்தில் நின்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். முதலில் அவனுக்கு வருத்தம் என்று நினைத்தேன். ஒரு நாள் பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன், “ஏன்டா, ஒன்னால தான அவ பாத்தா? கேட்டா இன்னா கொறஞ்சா போவும்?”

“செல்லி பாக்காதத நான் எதுக்குக்கா காதுல வாங்கணும்?” என்றான். “அது அப்படியே கெடக்கட்டும், ரெண்டு பேருக்கும்.”

உள்ளே மணியம்மாள் முடிக்கிற மாதிரி தெரியவில்லை. அவன் டீயை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது.